பேர் வைக்காத வித்தை

காற்று விழுந்துவிட்டது என்பதை ஜெசிந்தா முதலில் நம்பவில்லை. தண்ணீரில் கிடந்த பாயைக் கயிற்றால் இழுத்து நிறுத்தி, பிடிகம்பைப் பற்றிக்கொண்டு, முழங்காலை மடக்கி, இதோ வரும், இப்போது வந்துவிடும் என்று பாய்மரம் பொருத்திய சறுக்குப் பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பாய் ஈரப் போர்வை மாதிரித் தொங்கியது. காற்றின் இழுப்புக்கு எதிராகச் சாய்ந்து சாய்ந்தே பழகிய உடம்பு, இழுக்க எதுவும் இல்லாமல் அப்படியே மல்லாந்து கடலில் விழுந்தது. மேலே வந்து, வாயிலிருந்த உப்புநீரைத் துப்பி, பலகையில் ஏறி, காலை இருபுறமும் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள். சரி, கொஞ்ச நேரம் இருந்து பார்ப்போம். ஆடி மாதத்துக் கச்சான் காற்று சில சாயங்காலங்களில் இப்படி மூச்சு வாங்கும், பிறகு எழுந்துகொள்ளும். கரையைப் பார்த்தாள். பனைகள், நீலத் தகரம் வேய்ந்த கொட்டகை, கொட்டகைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி அவள் புருஷன் பெனடிக்டின் சட்டை. கையைத் தூக்கி ஆட்டினாள். புள்ளியிலிருந்தும் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. இடது கையைத்தான் தூக்கியிருப்பான், வலது கை இன்னும் மடியிலேயே கிடக்கிறது. மண்டபத்துக்கு மேற்கே இந்த வடகடலில் கச்சான் கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். அதனால்தான் தண்ணீர் தாம்பாளம் மாதிரிக் கிடக்கும், வித்தை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. அதனாலேயே திரும்பி வர முடியாதவன் போய்க்கொண்டேதான் இருக்க வேண்டும். மோட்டார் படகு தயாராக இல்லாத நாளில் யாரும் பாய் கட்டக் கூடாது என்று பெனடிக்ட்தான் சட்டம் போட்டிருந்தான். இன்று படகின் எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டு, படகு ஓட்டும் கணேசமூர்த்தி பாம்பனுக்குப் பழுது பார்க்கப் போயிருக்கிறார். அது தெரிந்தேதான் அவள் பாய் கட்டினாள். ஒரு நடை, கரையை ஒட்டியே ஒரு நடை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு நடைதான். மாப்பிள்ளையை ஒரு தடவையாவது விழாமல் இறக்கிவிட வேண்டும் என்று இருந்தது. மாப்பிள்ளை என்பது ஒரு வித்தைக்குப் பெனடிக்ட் வைத்த பேர். வெள்ளைக்காரர்கள் அதை வல்கன் என்பார்கள். மஸ்கட்டில் ஒரு ஓட்டலின் கடல் விளையாட்டுப் பகுதியில் மெக்கானிக்காக இருந்தபோது, பழுது பார்த்த பலகைகளில் ஏறிப் பார்த்து ஏறிப் பார்த்தே அவன் கற்றுக்கொண்டான். ஊருக்குத் திரும்பும்போது ஓட்டல் தள்ளிவிட்ட பலகைகளையும் பாய்களையும் கூடவே கொண்டுவந்து, கடலோரம் இந்தக் கொட்டகையைப் போட்டான். கல்யாணம் ஆகி வந்த ஜெசிந்தாவுக்கு அவன் முதலில் கற்றுக்கொடுத்தது பலகையின் மேல் நிற்பதை, அப்புறம் ஒவ்வொரு வித்தையாக. "வல்கன்னா யாரு, எந்த ஊர்க்காரன்? அவன் பேரச் சொன்னா ஒனக்கு ஒடம்புல எங்கயாவது புரியுதா?" என்று கேட்பான். பலகை சட்டென்று குதித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியில் முதுகைக் காட்டிச் சறுக்கும் அந்தத் திருப்பத்துக்கு, கோபித்துக்கொண்டு போகிற மாப்பிள்ளை என்று பேர். அதே திருப்பம் தண்ணீரைத் தொட்டதும் நிற்காமல் இன்னும் அரைச்சுற்று சுற்றி வந்துவிட்டால் அது மறுவீடு. பாயைத் தலைக்கு மேலே போகவிட்டு அடியில் குனிந்து மறுபக்கம் வருவது நிலைப்படி, குனியாதவனுக்கு நெற்றி வீங்கும். காற்றை எதிர்த்துத் திரும்புகிற ஒன்றுக்குச் சம்பந்தி என்று வைத்தான், வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வராமல் போகிறவர். சனி ஞாயிறில் பழக வந்த மதுரைக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு அவர்களும் அதையே சொன்னார்கள். பெங்களூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி தமிழே தெரியாமல் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, மறுவீடு, மறுவீடு என்று கரையைப் பார்த்துக் கத்தியது ஜெசிந்தாவுக்கு இப்போதும் காதில் இருந்தது. அந்தக் கொட்டகையில் அவன் குரல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். மாதா கோயில் ஒலிபெருக்கி மாதிரி என்று அவளே சொல்லியிருக்கிறாள். போதும்ங்க, கொஞ்சம் வாயை மூடுங்க, காது வலிக்குது என்று சொல்லியிருக்கிறாள். எத்தனையோ பெண்டாட்டிகள் எத்தனையோ புருஷன்களிடம் சொல்வதுதான். அதற்கெல்லாம் யாரும் கணக்கு வைப்பதில்லை. வைப்பதில்லை என்றுதான் நினைக்கிறாள்.

மாப்பிள்ளையில் ஒரு இடம் இருக்கிறது. பலகை எழும்பிவிட்டது, பாய்மரத்தைக் குறுக்கே எறிந்தாகிவிட்டது, இப்போது பழைய பக்கத்துப் பிடியை விட வேண்டும், புதிய பக்கத்தைப் பிடிக்க வேண்டும். விடுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் இரண்டு கையிலும் எதுவுமில்லாத ஒரு கணம். "அங்க பாக்காத சிந்தா. கம்பு எங்கன்னு தேடாத. நீ தேடுனா அது இருக்காது. கையப் போடு, அது அங்க இருக்கும்" என்பான் பெனடிக்ட். அவளால் அது முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் ஒரு கை பழைய பிடியை விடாமல் தங்கிவிடும், விரல்கள் தாமாகவே இறுகும், பலகை ஒரு பக்கமும் பாய் ஒரு பக்கமும் அவளைப் பிய்த்துக்கொண்டு போகும். இன்றும் அதுதான் நடந்தது. விட்டேன் என்று நினைத்தாள், விட்டிருக்கவில்லை. மறுபடி, மறுபடி, ஒவ்வொரு விழுதலிலும் கரையிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வந்தது தெரியாமல். அவன் குரலை வைத்துக்கொண்டுதான் பழகுகிறாள். தலைக்குள் அந்தக் குரல் தெளிவாகக் கேட்கிறது, கையப் போடு, தேடாத. ஆனால் அது அவன் குரல்தானா, அல்லது அவளே செய்துகொண்ட குரலா என்று சில நாட்களாகச் சந்தேகம் வந்திருக்கிறது. போனில் யாரோ எடுத்த வீடியோக்கள் இருக்கின்றன, அவற்றில் அவன் பேசுகிறான், சிரிக்கிறான். அவள் அவற்றைப் போட்டுப் பார்ப்பதில்லை. போட்டால் பக்கத்து அறையில் இருப்பவனுக்குக் கேட்கும்.

சித்திரையில் ஒரு காலை, கொட்டகையில் பாய் மடித்துக்கொண்டிருந்தவன் சரிந்து உட்கார்ந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ராமநாதபுரம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மதுரை. உயிர் பிழைத்தது, கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. பேச்சே இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை. வார்த்தைகள் இருந்தன, எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. தண்ணீர் வேண்டும் என்றால் சாவி என்பான். சட்டை என்றால் பாலம். சொன்னதும் அது தப்பு என்று அவனுக்கே தெரியும், கண்ணை இறுக மூடித் தலையை ஆட்டுவான், மறுபடி வேறொன்று வரும், அதுவும் தப்பு. அருள்நிறைந்த மரியே ஜெபத்தை மட்டும் ஆரம்பித்துக் கொடுத்தால் போதும், ஒரு எழுத்து பிசகாமல் கடைசி வரைக்கும் சொல்லிவிடுவான். சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்ப்பான், பார்த்தாயா என்பது மாதிரி. அப்புறம் ஒரு டம்ளர் காபி கேட்க முடியாது. பேச்சுப் பயிற்சி கொடுத்த மதுரைப் பெண் நல்ல பெண், பொறுமையானவள். "மூளையில வார்த்தை அழிஞ்சிடலக்கா, வழிதான் அடைச்சிருக்கு" என்றாள். எப்போது திறக்கும் என்று கேட்டதற்கு, சிலருக்குத் திறக்கும் என்றாள். வீட்டில் நாள் முழுக்க அவள் வேலை ஊகிப்பதுதான். துண்டா, மாத்திரையா, ஜன்னலா, அம்மாவுக்குப் போன் பண்ணணுமா, வயிறு வலிக்குதா. ஒவ்வொன்றுக்கும் இல்ல, இல்ல, இல்ல. இல்ல என்ற ஒரு வார்த்தை மட்டும் எப்போதும் சரியாக வரும். இங்கே, இந்தப் பலகையின் மேல், காலடியில் தண்ணீர் சத்தமில்லாமல் நகர, யாரும் எதையும் கேட்கவில்லை. எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அது எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதைக் கவனித்தாள். கவனித்ததும் கரையைப் பார்த்தாள். பனைகள் சின்னதாகியிருந்தன.

சின்னதாகியிருந்தனவா, அல்லது வெளிச்சம் மாறியிருக்கிறதா. மேற்கே திரும்பிப் பார்த்தாள். உச்சிப்புளிப் பக்கம் வானத்தில் ஒரு கறுப்பு, கீழே தட்டையாக வெட்டிவிட்ட மாதிரி, உள்ளே ஊதா நிறத்தில் வீங்கிக்கொண்டிருந்தது. காற்று ஏன் விழுந்தது என்று இப்போது புரிந்தது. இது மூச்சு வாங்குவது இல்லை. மழைக்கு முன்னால் நின்றிருக்கிறது, மழையோடு வரும்போது கரையிலிருந்து ஒரே அடியாக அடிக்கும், அதில் பாயைத் தூக்க முடியாது, பலகையைக் கட்டிக்கொண்டு எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கே போக வேண்டியதுதான். அப்போதுதான் கதவு ஞாபகம் வந்தது. அவள் கிளம்பும்போது அவன் கையைப் பிடித்து இழுத்தான். "கதவு" என்றான். "கதவு, கதவு, சாத்து." மேற்கே கையைக் காட்டினான். கொட்டகைக் கதவு மேற்குப் பார்த்தது. நாய் நுழைந்துவிடும் என்று சொல்கிறான் என்று எண்ணிக்கொண்டு, போய்க் கதவைச் சாத்திக் கொண்டியும் போட்டுவிட்டு வந்து, "சாத்திட்டேங்க, போதுமா?" என்றாள். அவன் இல்ல என்றான். அவள் சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதுகுக்குப் பின்னால் மறுபடியும் கதவு என்று கேட்டது. அவன் வானத்தைச் சொல்லியிருக்கிறான். காற்று கதவைச் சாத்தப் போகிறது என்று சொல்லியிருக்கிறான். கிட்டத்தட்டச் சரியான வார்த்தைகூட. வேறு யாராவது சொல்லியிருந்தால், கவிதை மாதிரிச் சொல்கிறான் என்று புரிந்துகொண்டிருப்பாளோ என்னவோ. அவன் சொன்னதால் நாய் என்று புரிந்துகொண்டாள்.

பாயைப் பலகையின் பின்பக்கம் ஏற்றி வைத்து, குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினாள். இதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். வேகமாகத் தள்ளாதே, கரையில் ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள், அதை விடாதே. அவள் வெள்ளைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டாள். தோள் எரியும்வரை தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் கொட்டகைக்குப் பின்னால் தெரிந்த செல்போன் கோபுரம் இடது பக்கம் நகர்ந்திருந்தது. நீரோட்டம் கிழக்கே இழுக்கிறது. மறுபடி தள்ளினாள். மூச்சு வாங்கியது, கன்னத்தைப் பலகையில் வைத்தாள், சொரசொரப்பு கன்னத்தில் உறைத்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு எல்லாம் தெரியும், அந்தக் கறுப்பு எவ்வளவு நேரத்தில் வரும், நீரோட்டம் எந்தப் பக்கம், அவளால் எவ்வளவு தள்ள முடியும், எல்லாவற்றையும் அவளைவிட நன்றாகவே அறிந்தவன். அவன் கால்சட்டைப் பையில் போன் இருக்கிறது. போனை எடுத்து யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வான்? கணேசமூர்த்தியின் பேரை அழுத்திவிடுவான், படத்தைப் பார்த்து அழுத்தப் பழகியிருக்கிறான். அழுத்தி, பாலம் என்பான். சாவி என்பான். சரிங்கண்ணே, எஞ்சின் ரெடியானதும் வந்துடுறேன் என்று அவர் வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. நிமிர்ந்து பார்த்தாள். நாற்காலி இருந்தது. வெள்ளை இல்லை.

நாற்காலியில் வெள்ளை இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், நாற்காலி மட்டும். கொட்டகைப் பக்கம் இல்லை, பனைப் பக்கம் இல்லை. தண்ணீரோரம்? தண்ணீரோரம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அலை நுரை, இல்லை, இந்தக் கடலில் இன்று அலையே இல்லை, அப்படியென்றால் அது என்ன, சாக்கு, யாரோ எறிந்த சாக்கு. சாக்குதான். கடலில் இறங்கியிருப்பானா? இறங்குவான். அவன் அப்படிப்பட்டவன்தான், யாராவது தத்தளித்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாய்கிறவன். வலது கால் இழுத்துக்கொண்டு, வலது கை மடங்கிக்கொண்டு, முழங்கால் ஆழத்தில் விழுந்தால்கூட எழுந்திருக்க முடியாது. முழங்கால் ஆழத்தில் விழுந்து ஒருவன், கூப்பிட வார்த்தை இல்லாமல், அல்லது கூப்பிட்டு, கதவு என்று கூப்பிட்டு. எழுந்து பலகையின் மேல் நின்றாள், நின்றால் தூரம் தெரியும் என்று, நின்றதும் பலகை ஆடியது, விழுந்தாள், மறுபடி ஏறினாள். "என்னங்க" என்று கத்தினாள். குரல் தண்ணீரின் மேல் கொஞ்ச தூரம் போய் எங்கேயோ நின்றுவிட்டது. அவனுக்குப் பேர் இருக்கிறது, பெனடிக்ட் என்று, கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது கூப்பிட்டாள், பெனடிக்ட், பெனடிக்ட், யாரோ ஒரு அந்நியனைக் கூப்பிடுவது போலிருந்தது. இந்த நேரத்தில் போய் அந்த வித்தை ஏன் நினைவுக்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் நோயில் விழுவதற்குச் சில நாள் முன்பு, இதே தண்ணீரில், வேறு யாருமில்லாத மத்தியானத்தில், மறுவீடு சுற்றி வந்தவன் நிற்காமல், பாய்க்கு முதுகைக் கொடுத்து, பிடியை விட்டு, பின்னால் கையைப் போட்டு, கண்ணால் பார்க்காமலே பிடித்து, பலகையை இன்னொரு தடவை தூக்கித் திருப்பி, ஒரு துளி தெறிக்காமல் வந்து நின்றான். இதற்கு என்ன பேர் என்று கேட்டாள். "இன்னொரு தடவ எறக்கிட்டுத்தான் பேரு. பேரு இல்லாத வித்தைய அடுத்தவனுக்குக் குடுக்க முடியாது சிந்தா, நம்மளோடயே போயிரும்." இன்னொரு தடவை இறக்கவில்லை. அதைப் பார்த்தது அவள் ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறாள், அந்த வித்தைக்கு ஏதாவது பேரு நெனச்சு வெச்சிருந்தீங்களா என்று. அவன் கண் அகன்றது. ஆமா என்று தலையை ஆட்டினான். வாயைத் திறந்தான். வெகுநேரம் திறந்தே இருந்தது. அவன் வாயைத் துடைத்துவிட்டு, பரவாயில்ல விடுங்க என்றாள். அவளே ஒரு பேர் வைக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறாள், ஒன்றும் ஒட்டவில்லை, உள்ளே அவன் ஒன்றை வைத்திருக்கும்போது வெளியே இவள் இன்னொன்றை வைப்பது, உயிரோடு இருக்கிறவனுக்குத் திதி கொடுப்பது போல. வெள்ளைச் சாக்கு அசைந்தது. இல்லை, அவள்தான் அசைகிறாள். முதல் காற்று முகத்தில் பட்டது, குளிர்ந்த காற்று, மழை வாசத்தோடு. பாய் ஒரு தடவை படபடத்தது.

எஞ்சின் சத்தம் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு நாட்டுப் படகு, நண்டு வலையை அவசரமாக வாரிப் போட்டுக்கொண்டு கரைக்கு விரைந்துகொண்டிருந்தது. சீனி நைனா என்று எல்லோரும் கூப்பிடுகிற சீனி அகமது, தலையில் துண்டோடு பின்னால் நின்றிருந்தார். படகைச் சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வானம் இப்படிக் கெடக்கையில எதுக்கும்மா வந்தே?"

"எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா நைனா? கரையில இருந்தாரு. காணோம்."

"நா கடல்ல கெடக்கேன், கரையில இருக்கவர நா எங்கத்தப் பாக்க. ஏறு, ஏறு, கயித்தக் குடு."

படகில் ஏறினாள். பலகையும் பாயும் பின்னால் கயிற்றில் இழுபட்டு வந்தன. அவர் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார், போன வருஷம் இதே மாதிரி ஒருத்தன் என்று ஏதோ, அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கு சாக்காகவே இருந்தது, அந்த அளவுக்கு நல்லது. இன்னும் வேகமாப் போங்க என்று சொல்ல நினைத்தாள், சொன்னாளா என்று தெரியவில்லை. முதல் துளிகள் தண்ணீரில் குழி பறித்தன. இடுப்பளவு தண்ணீரிலேயே குதித்து இறங்கி நடந்தாள். தண்ணீரோரம் கால்தடம் இருந்தது, ஒன்று முழுசாக, ஒன்று இழுபட்ட கோடாக. கடலுக்குள் போய், திரும்பி வந்திருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே ஓடினாள். கொட்டகையைத் தாண்டி, முள் ஒதுக்கிய பாதையில், ரோட்டை நோக்கி. நோயில் விழுந்த பிறகு அவன் யாருடைய துணையும் இல்லாமல் கொட்டகையைத் தாண்டி நடந்ததே இல்லை.

ரோட்டோரம் சவரியாயியின் பெட்டிக்கடை. கடை முன்னால் பெஞ்சில் பெனடிக்ட் உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க மண், முழங்கையில் ரத்தம், கால்சட்டை தொடை வரைக்கும் நனைந்திருந்தது. சவரியாயி பக்கத்தில் நின்று அவன் தலைக்கு மேல் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் அவன் முன்னால் வரிசையாகச் சாமான்கள். ஆடை படிந்த டீ. ஒரு பன். ஒரு தீப்பெட்டி. பிரிக்காத சோப்பு. ஒரு முழம் சணல் கயிறு.

"வந்துட்டியா தாயி" என்றாள் சவரியாயி. "எந்த நேரத்துல விழுந்து எந்திரிச்சு வந்தாருன்னு தெரியல. டீன்னாரு, போட்டுக் குடுத்தேன், வேண்டாங்குறாரு. சோப்புன்னாரு, எடுத்துக் குடுத்தேன், இல்லங்குறாரு. தீப்பெட்டிங்குறாரு. பன்னுங்குறாரு. கடலக் கடலக் காட்டுனாரு, குளிக்கப் போகணுமாக்கும்னு நெனச்சேன். பெறகு அழ ஆரம்பிச்சுட்டாரு. கொடைன்னாரு, அதுக்குத்தான் பிடிச்சிக்கிட்டு நிக்கேன். ரோட்டுல போன பைக்கையெல்லாம் மறிச்சாரு தாயி. எல்லாரும் நின்னாங்க. என்ன வேணும்னு யாருக்கும் வெளங்கல."

ஜெசிந்தா பெஞ்சின் முன்னால் ஈரத்தரையில் மண்டியிட்டாள். அவன் இடது கையால் அவள் தலையைத் தொட்டான், பிறகு தோளை, பிறகு உயிர்காப்பு உடுப்பின் வாரை, ஒவ்வொன்றாக, இருக்கிறதா என்று பார்ப்பது போல. அவன் உதடுகள் குவிந்தன.

"சோப்பு" என்றான்.

"ம்" என்றாள்.

அவன் கண்ணை இறுக மூடித் தலையை ஆட்டினான். இல்ல. அது இல்ல. மறுபடி வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. மழை வலுத்துவிட்டது, குடையின் விளிம்பிலிருந்து அவள் முதுகில் ஊற்றியது.

"தீப்பெட்டி."

"ஆமா, இங்கதான் இருக்கேன்."

"இல்ல" என்றான் பெனடிக்ட். அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "இல்ல. கயிறு. கயிறு."

"சொல்லுங்க" என்றாள். இந்தத் தடவை எதையும் ஊகிக்கவில்லை.

சவரியாயி குடையை ஜெசிந்தாவின் கையில் கொடுத்துவிட்டு, இன்னொரு டீ போட உள்ளே போனாள்.